மெல்ல அழுதால் பக்கத்தில் இருக்கிறாள்!

பொந்தியானாக் யாரென்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? அந்தி சாய்ந்தபின் வாழைத் தோப்புப் பக்கம் போகாதே என்று அம்மாமார் மிரட்டியது அந்தப் பெயரைச் சொல்லித்தானே! மலாய்க்காரப் பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அவள் அழுகுரல் உரக்கக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாளாம். மெல்லக் கேட்டால் பக்கத்திலேயே வந்துவிட்டாளாம்.

1990இல் கோப்பெங் பக்கம் எங்கள் லயத்தில் பெரியப்பா வீட்டில் மட்டும்தான் வீடியோப் பெட்டி இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, மரியா மெனாடோ நடித்த ‘சும்பா பொந்தியானாக்’ போட்டார்கள். 1958இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த படம். இயக்கிய பி.என். ராவ் நமக்கு அந்நியரல்லர். 1941இல் ஜெமினியின் ‘மதனகாமராஜன்’ படத்தை இயக்கியவர் அவரே.

ஆனால் நாங்கள் கண்டது என்ன? தொலைக்காட்சியில் வந்ததை யாரோ பதிவு செய்ய, அதற்கு ஒரு நகல், அந்த நகலுக்கு இன்னொரு நகல் என்று கைமாறி வந்த நாடா அது. இரவுக் காட்சியெல்லாம் ஒரே கரிக்கட்டை. பேயின் முகம் தெரியவேயில்லை. “எங்கே, எங்கே?” என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார்.

சத்தம் அதைவிட மோசம். காரணம் இப்போது தெரிகிறது. அந்தச் சாதாரணப் பெட்டிகளில் ஒலிக்குக் கிடைத்தது நாடாவின் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் இடந்தான். நாடா ஓடுவதோ நொடிக்கு 2.34 சென்டிமீட்டர், பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதி. இரைச்சல் வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குப் பதிவு செய்யும் பெட்டி, மெல்லிய சத்தத்தைத் தானே கூட்டி, உரத்த சத்தத்தைத் தானே குறைத்துவிடும். நகலுக்கு நகல் இதே கதை. பொந்தியானாக் தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் வந்தாலும் ஒரே சத்தம்! பிறகு பயம் எங்கிருந்து வரும்?

இந்த அளவாவது கிடைத்ததே என்றுதான் சொல்ல வேண்டும். 1957இல் வந்த முதல் ‘பொந்தியானாக்’ படமும், அதே ஆண்டின் ‘டெண்டாம் பொந்தியானாக்’ படமும் இன்று யாரிடமும் இல்லை. தயாரிப்பாளர்களில் ஒருவரே சுருள்களைத் தண்ணீரில் வீசிவிட்டதாகப் பேச்சு. ஈயக்குட்டைகளைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போகிற எனக்கு இது நினைவுக்கு வராத நாளில்லை. மிஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91ஐயும் 2014இல் யுனெஸ்கோ தன் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பெரியப்பாவின் நாடா இப்போது என்னிடம். உள்ளே வெள்ளைப் பூஞ்சணம். வீடியோப் பெட்டி செய்வதையே 2016இல் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஈப்போவில் ஒருவர் பூஞ்சணத்தைத் துடைத்து, கணினியில் ஏற்றித் தந்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. புது நாடா வாங்கக் காசில்லாமல், எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் பதிவின் மேலேயே பெரியப்பா பேய்ப் படத்தை ஏற்றியிருக்கிறார்! படம் முடிந்ததும் திருவிழா மிச்சம் நாலு நிமிடம் ஓடுகிறது. தப்புச் சத்தம். மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு அம்மா. முகம் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறார். இரைச்சலில் அது காதில் விழவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பேய்ப் படத்துக்கு நல்ல நகல் எங்காவது கிடைக்கும். தோட்டமும் இல்லை, கோயிலும் இல்லை. அந்த நாலு நிமிடத்துக்கு வேறு நகல் ஏது?