திரைக்குப் பின்னால் யார்?

குற்றவாளி யார் என்பதை இறுதிவரை மறைப்பது துப்பறியும் படங்களின் வழக்கம். பிரிட்ஸ் லாங் இயக்கிய 'டாக்டர் மபூசேயின் உயில்' (1933) என்ற ஜெர்மன் பேசும்படத்தில், முகமூடியைக் கிழித்தால் முகமே இல்லை!

கொள்ளைக் கூட்டத்தார் தம் தலைவனைக் கண்டதில்லை. ஓர் அறை, குறுக்கே திரை, பின்னிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். கட்டளையை மறுத்தவனுக்குச் சாவு. கூட்டத்தை வெறுத்த கெண்ட் என்ற இளைஞன் ஒருநாள் துப்பாக்கியால் சுட்டுத் திரையை விலக்குகிறான். அங்கே இருப்பவை மரத்தில் வெட்டிய ஓர் உருவமும் ஒலிபெருக்கியுமே!

மபூசேயோ பைத்தியக்கார விடுதியில் குற்றத் திட்டங்களை எழுதி எழுதியே மடிந்தவன். அத்தாள்களைப் படித்துப் படித்து அவனாகவே மாறிவிட்டவர், மருத்துவம் பார்த்த பேராசிரியர் பவும். அவர் அறைக்கதவின் பிடியைத் திருகினால், தொந்தரவு வேண்டாம் என்று உள்ளிருந்து கிராமபோன் பேசும். அக்குரலைக் கெண்ட் அடையாளம் காணும் கட்டமே, என் கருத்தில், படத்தின் உயிர். துரத்தல் காட்சிகள் சற்று நீளந்தான்.

ஹிட்லர் பதவியேற்ற இரண்டே மாதத்தில், 1933 மார்ச்சில், பொது அமைதிக்கு ஆபத்து என்று படம் தடைசெய்யப்பட்டது. முகமற்ற குரலுக்கு அடிபணியும் கூட்டத்தைக் காட்டியது யாரை உறுத்தியிருக்கும்? முதற்காட்சி புடாபெஸ்ட்டில் நடந்தது. லாங் அவ்வாண்டே நாட்டைவிட்டு வெளியேறினார். மேற்கு ஜெர்மனியில் படம் திரைக்கு வந்தது 1951-இல்தான்.