ஆறு வேறு, கடல் வேறு

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட வாலிநோக்கத்துக் கரையில், துடுப்பு என்பது தலைமுறை தலைமுறையாக ஜீவனத்துக்குரிய கருவியாகவே இருந்து வந்திருக்கிறது. வள்ளத்தில் வலை வைக்கப் போகிறவர்களும் பாசி எடுக்கப் போகிற பெண்களும் நிறைந்த இந்த மன்னார் வளைகுடாக் கரையில், தேகாப்பியாசத்துக்காகவும் மன உல்லாசத்துக்காகவும் ஒருவர் பணம் கொடுத்துத் துடுப்பு வலிப்பார் என்ற செய்தி, சமீப காலம் வரை முதியவர்களுக்கு விநோதமாகவே பட்டிருக்கும். ஆயினும் அந்த வழக்கம் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்து, வேரும் ஊன்றிவிட்டது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, பாக் ஜலசந்திப் பக்கத்து வடகடல் ஓரத்தில் அமைந்த பிரப்பன்வலசையில், ஒருவரோ இருவரோ அமர்ந்து செலுத்தும் கயாக் என்னும் சிறு படகிலும், பலகையின் மீது நின்றபடியே நீண்ட துடுப்பால் தள்ளிச் செல்லும் விளையாட்டிலும் இளைஞர்கள் முறையாகப் பயிற்சி பெறுகிறார்கள். நின்று துடுப்பிடும் தேசியப் போட்டிகளும் அங்கே நடைபெற்றிருக்கின்றன. தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில், வனத்துறையினரும் கிராமத்து மக்களும் சேர்ந்து, அலையாத்திக் காட்டின் நடுவே விருந்தினரைப் படகிலும் கயாக்கிலும் அழைத்துச் சென்று, கரையேறியதும் அவ்வூர்ப் பெண்கள் சமைத்த மீனும் இறாலும் பரிமாறுகிறார்கள்.

துடுப்பு விளையாட்டுக்கென்று மனிதர்கள் சங்கம் கூடுவதும் புதிதன்று. கயாக், தோணி முதலியவற்றுக்காக லண்டன் நகரில் 1866-இல் ஒரு சங்கம் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டே, அடையாற்றங்கரையில் இன்றளவும் நடந்துவரும் மெட்ராஸ் போட் கிளப் ஆரம்பமாயிற்று. பின்னது நீண்ட துடுப்புகளைப் பின்புறமாக இழுத்து வலிக்கும் பந்தயப் படகுகளுக்கு உரியதாயினும், விடியற்காலையில் எழுந்து ஒழுங்காகப் பயில்வது, மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது, ஜலத்தின் நிலையைப் பார்த்த பிறகே படகை இறக்குவது ஆகிய நியமங்கள் இத்தகைய சங்கங்கள் யாவற்றுக்கும் பொதுவானவை. நல்ல சங்கம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது வேகமன்று. படகு கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவதும், கவிழ்ந்த படகை விட்டு அகலாமல் அதைப் பற்றிக்கொள்வதும், பிறகு அதைப் புரட்டி ஏறுவதுமே. இந்தப் பாடத்தைச் சிரமமென்று தள்ளிப்போடுகிற சங்கத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்கலாகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, கடலில் கற்ற ஜாக்கிரதை ஆற்றுக்குப் போதாது என்பதும், சில சமயங்களில் அதுவே ஆற்றில் பிராண ஆபத்தாக முடியும் என்பதுமே. கடற்கரையில் பிறந்து, நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகிய இளைஞன், இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஆற்றைக் கண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பிலே தொடங்கும் அபாயம் எத்தகையதென்பதை விளங்கிக்கொள்ள, இரண்டு நீர்நிலைகளின் சுபாவத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

கடலின் அபாயம் அது மனிதனைக் கொண்டுபோய்விடுவதில் இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கத்தார் பாக் ஜலசந்தியின் சாந்தமான நீர்ப்பரப்பைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் சாந்தமாகத் தோன்றுகிற கடலே சில மாதங்களில் பெரிய வஞ்சகம் செய்யக்கூடியது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் காலத்தில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, வாலிநோக்கத்துப் பக்கம் அலை உயர்ந்து கொந்தளிக்க, வடகடல் ஓரமோ கண்ணாடித் தகடாகக் கிடக்கும். அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. அதே காற்றுதான், அறியாமல் துடுப்பிட்டுச் செல்பவனை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் உள்ளே உள்ளே கொண்டுபோகிறது. போகும்போது தன் கைவலிமையென்று அவன் எண்ணியது காற்றின் வலிமையென்பது, திரும்பிக் கரையைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழும் மாதங்களில் இந்நிலை தலைகீழாக மாறி, வடகரை கொந்தளிக்க, தெற்கு நோக்கிய வாலிநோக்கத்துக் கரையோரம் அமைதியாகத் தோன்றும். ஏமாற்றும் இடம் மாறுகிறதே தவிர ஏமாற்று மாறுவதில்லை. ஆகையால், முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்த பிறகு காற்றோடு திரும்ப வேண்டும் என்ற விதியை இக்கரையில் துடுப்பிடுகிற ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் கடலில் இறங்காமலிருப்பதும், பாம்பன் பாலத்தடி நீரோட்டத்தைச் சிறு படகால் சோதித்துப் பார்க்காமலிருப்பதும், 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைக்காமலிருப்பதும் இவற்றோடு சேர்ந்த கடமைகள். கடலோரக் காவற்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய தொலைபேசி எண்களைக் கரையிலிருப்பவர் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

ஆறு மனிதனைக் கொண்டுபோவதோடு நிற்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. கடலில் அலை கடந்துபோய்விடும், அடுத்த அலை வருமுன் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். ஆற்றிலோ பாறையும் மரமும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மீது பிரவாகம் ஓய்வின்றி மோதிக்கொண்டேயிருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகிறது. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றவனின் பாதம் இரண்டு கற்களுக்கிடையே சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் பிரவாகம் அவனை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலும் அப்படி மூழ்கியவர் மீண்டெழுவது மிகக் கடினம். அதனால்தான் ஆற்றுப் பயிற்சியில், படகிலிருந்து விழுந்தவர் மல்லாந்து படுத்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி இரு பாதங்களையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி, கைகளால் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கடலோரத்தில் தரை தட்டியதும் எழுந்து நிற்கப் பழகிய நம் பையன்களுக்கு இது இயல்பாக வருவதில்லை. பல முறை பயின்றே பெற வேண்டும்.

நின்று துடுப்பிடும் பலகையோடு காலைப் பிணைக்கிற கயிற்றின் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். கடலில் அந்தக் கணுக்கால் கயிறு உயிரைக் காக்கும் உபகரணம். பலகை காற்றில் பறந்துபோகாமல் அதுவே தடுக்கிறது. ஆற்றில் அதே கயிறு ஒரு கிளையிலோ பழைய பாலத்தின் கம்பியிலோ மாட்டிக்கொண்டால், ஓட்டத்தின் நடுவே குனிந்து அதை அவிழ்க்க எவராலும் இயலாது. எனவே ஆற்றுக்குப் போகிறவர்கள், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கயிற்றை இடுப்பில் கட்டுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இரண்டு இடத்துக்கும் பொதுவானது. அதையும் படகின் அடியில் போட்டு வைப்பதால் பயனில்லை, வார்களை இறுக்கி உடம்பில் அணிந்தாக வேண்டும். பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டபோது, அதில் சென்றவர்கள் அத்தகைய சட்டை அணிந்திருக்கவில்லை.

நம் ஜில்லாவில் வற்றாத ஜீவநதி இல்லையே, இந்த விசாரம் எதற்கு என்று கேட்கலாம். வற்றுகிற ஆறு என்பதே விசாரத்துக்குக் காரணம். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சிய வெள்ளத்தை ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே வடகடலில் சேர்க்கிறது. குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் தென்கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற இவ்வாறுகளில் தண்ணீர் வந்துவிட்டதென்றால் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போவது இயல்பு. பார்த்திபனூர் மதகு அணையிலும் கண்மாய்க் கலுங்குகளிலும் பிள்ளைகள் குதித்து விளையாடுவதும் இயல்பு. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில், மணல் அள்ளிய பள்ளங்கள் மூடிக் கிடக்கின்றன; ஆற்றின் குறுக்கே சீமைக்கருவேல் புதர்கள் வளர்ந்து நிற்கின்றன. வெள்ளம் அப்புதரின் ஊடே தாராளமாகப் புகுந்து போகும். படகும் மனிதனும் முள்ளில் அழுந்தி நின்றுவிடுவார்கள். உலகெங்கும் ஆற்றுப் படகோட்டிகள் பாறையைக் காட்டிலும் அதிகமாக அஞ்சுவது இத்தகைய மரங்களையும் புதர்களையுமே.

கலுங்கும் தடுப்பணையும் அதைவிடக் கொடியவை. நாலைந்து அடி உயரத்திலிருந்து சீராக வழிகிற நீரைப் பார்ப்பவர் அதில் எந்த ஆபத்தையும் காணமாட்டார். வழிந்த நீர் அடித்தளத்தில் மோதி, மேலெழுந்து, மறுபடியும் அணைச்சுவரை நோக்கியே திரும்பி உருள்கிறது. அதில் அகப்பட்டவனை மேற்பரப்பு ஓட்டம் அருவியின் அடிக்கு இழுக்கிறது, அருவி அவனைக் கீழே அமுக்குகிறது, அடியோட்டம் சற்றுத் தள்ளி மேலே விடுகிறது, மறுபடியும் மேற்பரப்பு இழுக்கிறது. நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு வழக்கம்போல் மிதப்பதுமில்லை. மேற்புறத்திலிருந்து படகில் வருபவனுக்கு இவை ஒன்றும் தென்படாது. நீர்ப்பரப்பு ஒரு நேர்கோட்டில் முடிவதும், அதற்கப்பால் ஓசை கேட்பதுமே அடையாளம். அந்தக் கோட்டைக் கண்டதும் கரையேறி, படகைத் தோளில் தூக்கிச் சுற்றிக்கொண்டு போவதே அனுபவசாலிகளின் வழக்கம். கோழிக்கோட்டு மலைப்பக்கத்தில் இருவஞ்சிப்புழையிலும் சாலிப்புழையிலும் 2013 முதல் நடந்துவரும் மலபார் நதித் திருவிழாவுக்கு மழைக்காலத்தில் தேசாந்தரங்களிலிருந்து வருகிற சாகச வீரர்களும், இறங்குமுன் கரையோரம் நடந்து ஆற்றைப் பார்வையிடாமல் துடுப்பைத் தொடுவதில்லை.

கெடிலம் ஆற்றில், கடலூர் ஜில்லாவின் தடுப்பணை ஒன்றருகே 2022 ஜூன் 5 அன்று குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கினார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டைப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூரில் காவிரிக்குப் பலியானார்கள். விளையாட்டில் தேர்ந்து, பந்தயத்துக்கென்று புறப்பட்டு வந்த குழந்தைகள் அவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3,00,000 பேர். பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதை அந்த நிறுவனம் முக்கியமான தற்காப்பாகச் சொல்கிறது. மூழ்குகிற ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதும், அவருக்காக மூன்றாமவர் குதிப்பதுமாக ஒரே குடும்பத்தில் பலர் போய்விடுகிற கொடுமையை நாம் அடிக்கடி செய்தித்தாளில் படிக்கிறோம். குதிக்காதே, கரையில் நின்றபடி கயிற்றை வீசு, கயிறில்லையேல் கம்பை நீட்டு, வேட்டியோ சேலையோ துப்பட்டாவோ எறி, வீசுகிற கயிற்றை உன் உடம்பில் கட்டிக்கொள்ளாதே என்ற பாடத்தை ஒரு துடுப்புச் சங்கம் தன் அங்கத்தினருக்கு மட்டுமின்றி ஊர்ப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்று சொல்லிக்கொடுக்குமானால், அதன் போட்டிப் பரிசுகளெல்லாம் அதற்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கவை.

வாலிநோக்கத்திலும் அப்படியொரு சங்கம் உண்டாக வேண்டுமென்று நான் மனப்பூர்வமாக ஆசைப்படுகிறேன். கடற்பாடத்துக்கு வெளியூர் ஆசிரியர் தேவையில்லை. காற்றின் திசையைக் கன்னத்தில் உணர்ந்தே நேரத்தைச் சொல்லிவிடுகிற மீனவர்களும், முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறையின் இடுக்குகளில் நீந்துகிற பாசிக்காரப் பெண்களும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய ஊதியமும் மரியாதையும் கொடுத்து ஆசானாக அமர்த்துவது சங்கத்தின் முதற்காரியமாக இருக்கட்டும்.

ஆற்றுப் பாடத்துக்கோ, வற்றாத ஆறுள்ள இடங்களில் கிட்டாத ஒரு சௌகரியம் நமக்கு இருக்கிறது. எப்போதும் நீரோடும் ஆற்றின் அடித்தளத்தை எளிதில் கண்ணால் பார்க்க முடியாது. நம் வைகையையோ கோடை மாதங்களில் பார்த்திபனூரிலிருந்து ஆற்றங்கரை வரை கால்நடையாகவே பார்த்துவிடலாம். எந்த இடத்தில் மணல் பள்ளம், எங்கே கருவேல் முட்டு, எந்தப் படித்துறையின் அடியில் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது, எந்தத் தடுப்பணையின் கீழே குழி என்பதையெல்லாம் இளைஞர்கள் நடந்து சென்று குறித்துக்கொண்டு, ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுதிக் கொடுத்து, கரையில் பலகை நாட்டச் செய்யலாம். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர ஜில்லாக்களுக்கு விடுக்கப்படுகின்றன. முதல் எச்சரிக்கை வந்த அன்றே அந்தப் பலகைகள் நட்ட இடத்திலேயே இருக்கின்றனவா என்று ஒரு முறை சுற்றி வந்து பார்ப்பதற்கு, பயிற்சி பெற்ற பத்துப் பேரும் இரண்டு மோட்டார் சைக்கிளும் போதும்.