பணியிடப் பாதுகாப்புப் பதிவேடு: அரசு எத்தனை வருஷம் வைத்திருக்கணும்? 3 ஆண்டா, 40 ஆண்டா?

ஒருவர் 1985-ல், 22 வயதில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1995-ல் சொந்த ஊருக்குத் திரும்பி மளிகைக் கடை வைக்கிறார். 2027-ல் தொடர்ந்து மூச்சுத்திணறல். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்கும் கேள்வி, "நீங்க முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

பதில் அவருக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க என்ன இருக்கிறது? அந்தத் தொழிற்சாலையின் காற்றில் அப்போது எவ்வளவு தூசு இருந்தது, அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, ஆய்வாளர் வந்து பார்த்து என்ன எழுதினார்? இதெல்லாம் ஏதோ ஒரு கோப்பில் இருந்திருக்கும். அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்பதுதான் இழப்பீடு கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

பாதுகாப்புப் பதிவேடுகளை அரசுத் துறைகள் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, மற்ற நாடுகளில் என்ன நடைமுறை? விரிவாகப் பார்க்கலாம்.

பாதுகாப்புப் பதிவேடு என்றால் என்ன?

பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விபத்துப் பதிவுகள். யாருக்கு, எப்போது, எந்த இயந்திரத்தில் அடிபட்டது என்ற விவரம்.

இரண்டாவது, ஆய்வு அறிக்கைகள். தொழிற்சாலை ஆய்வாளர் கண்ட குறைகள், அனுப்பிய நோட்டீஸ், நிர்வாகம் கொடுத்த பதில்.

மூன்றாவது, அபாய அளவீடுகள். காற்றில் எவ்வளவு தூசு, எவ்வளவு ரசாயனம், எவ்வளவு சத்தம் என்று அளந்த கணக்கு.

நான்காவது, தொழிலாளியின் உடல்நலப் பதிவு. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, நுரையீரல் திறன் சோதனை, செவித்திறன் சோதனை போன்றவை.

இந்த நான்கையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. கை நசுங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். தூசு நுரையீரலில் படிந்தது தெரிய பல ஆண்டுகள் ஆகும்.

ஏன் இவ்வளவு நீண்ட காலம்?

காரணம், தொழில்சார் நோய்களின் 'மறைந்திருக்கும் காலம்'. கல் குவாரி, கல் அரைக்கும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களைத் தாக்கும் சிலிக்கோசிஸ், பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் தூசைச் சுவாசித்த பிறகே வெளிப்படுகிறது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டுகள் வரைகூட மறைந்திருந்து வரலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், நிறுவனம் கை மாறியிருக்கலாம், இழுத்து மூடப்பட்டிருக்கலாம்.

கொடைக்கானல் பாதரச வெப்பமானி தொழிற்சாலையை நினைத்துப் பார்த்தால் இது புரியும். 2001-ல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு எட்டப்பட்டது 2016-ல். இடையில் 15 ஆண்டுகள். இவ்வளவு காலம் கழித்து ஒரு வழக்கு முடிவுக்கு வரும் நாட்டில், மூன்றே ஆண்டில் ஒரு கோப்பை அழித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் வந்தது 1995 ஜனவரியில். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காக நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்று அல்லது வேலையிலிருந்து விலகி 15 ஆண்டுகள், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 வயதில் சேர்ந்து 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 36 ஆண்டு வேலை, அதோடு 15 சேர்த்தால் 51 ஆண்டுகள் பதிவு இருக்கும். அவருக்கு 73 வயது ஆகும்வரை பாதுகாப்பு.

ஆனா, தொடக்கத்தில் பார்த்த மளிகைக் கடைக்காரரின் கதை வேற. 1985-ல் சேர்ந்தவருக்கு 40 ஆண்டு 2025-லேயே முடிந்துவிட்டது. வேலையை விட்டு 15 ஆண்டு என்பது 2010-லேயே முடிந்துவிட்டது. 2027-ல் நோய் தெரியும்போது அந்தப் பதிவை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அப்போது அவருக்கு வயது 64-தான். இந்த 40 ஆண்டும், குறைந்த காலம் வேலை பார்த்துவிட்டுப் போனவருக்குப் போதாமல் போகலாம்.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், இந்த உத்தரவு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலுக்கானது. கல் தூசு, ஈயம், பாதரசம், ரசாயனம் என்று மற்ற தொழில்களுக்கு அப்படியே பொருந்தும் பொது விதி அல்ல.

தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்கிறது?

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் 41சி பிரிவு, நச்சுப் பொருட்களுக்கு ஆளாகும் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளைத் துல்லியமாகவும் புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் காட்ட வேண்டும் என்றது. ஆனால் எத்தனை ஆண்டு என்று அந்தப் பிரிவில் எண் எதுவும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல், தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்தது இது. இதன் கீழ் விதிகள் வகுக்கும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளுக்கு இருக்கிறது. பதிவுகளின் ஆயுளைத் தெளிவாக எழுதிவைக்க இது ஒரு நல்ல வாய்ப்பு.

அரசு அலுவலகத்தில் கோப்பு எப்படி 'முடிகிறது'?

நிறுவனம் வைத்திருப்பது ஒரு பக்கம். அரசுத் துறையிடம் இருக்கும் பிரதி இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்தான் தொழிற்சாலைகளை ஆய்வு செய்கிறது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். அரசுக் கடிதங்களின் தலையில் 'மூ.மு.', 'ப.மு.' என்று எண்ணுடன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்பதன் சுருக்கம் அது. ஓராண்டு முடிவும் உண்டு, நிரந்தரமாக வைக்கும் முடிவும் உண்டு. கோப்பு முடியும்போது எந்த வகை என்று குறிக்கிறார்களோ, அதன்படிதான் பதிவறையில் அதன் ஆயுள்.

ஒரு ஆய்வு அறிக்கை 'குறைகள் சரிசெய்யப்பட்டன' என்று சாதாரணமாக முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிக்கிறவர் பார்வையில் அது வேலை முடிந்த கோப்பு. மூன்றாண்டு போதும் என்று தோன்றலாம். ஆனால் 'அரைக்கும் பிரிவில் தூசு உறிஞ்சும் கருவி வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரி அதில் இருந்தால், 25 ஆண்டு கழித்து அதுதான் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. கோப்பின் ஆயுளை அலுவலக வசதியை வைத்து முடிவு செய்வதா, நோயின் ஆயுளை வைத்து முடிவு செய்வதா என்பதுதான் இங்கே கேள்வி.

ஆர்.டி.ஐ. போட்டால் கிடைக்காதா?

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 8(3) பிரிவில் '20 ஆண்டுகள்' என்று வருவதால், அரசு 20 ஆண்டு வரை கோப்பை வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. 20 ஆண்டுக்கு முந்தைய தகவல் என்றால், சில விதிவிலக்குகளைத் தவிர மற்ற காரணங்களைச் சொல்லி மறுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். கோப்பே அழிக்கப்பட்டிருந்தால் ஆர்.டி.ஐ. அதைத் திரும்பக் கொண்டுவராது. பதிவுகளை அட்டவணைப்படுத்தி வைக்கச் சட்டம் சொல்கிறதே தவிர, எதை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று பட்டியல் தரவில்லை.

பொதுப் பதிவேடுகள் சட்டம் 1993 என்று ஒன்று இருக்கிறது. விதிமுறைக்கு மாறாகப் பதிவேட்டை அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவற்றுக்கானது. மாநில அரசு அலுவலகக் கோப்புகளுக்கு அது பொருந்தாது. தொழிற்சாலைகளை ஆய்வு செய்வதோ பெரும்பாலும் மாநிலத் துறை.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் விபத்துப் பதிவேடு 5 ஆண்டு. அபாய அளவீட்டுப் பதிவு 30 ஆண்டு. தொழிலாளியின் மருத்துவப் பதிவு, வேலைக்காலம் முழுவதும் அதற்குப் பிறகு 30 ஆண்டும்.

பிரிட்டனில் விபத்துப் பதிவுக்கு 3 ஆண்டு. அபாயப் பொருட்களுக்கு ஆளானவர்களின் உடல்நலப் பதிவுக்கு 40 ஆண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பான பதிவுகளுக்கு 40 ஆண்டு.

கதிர்வீச்சுத் தொழிலாளர்களுக்கு சர்வதேச அணுசக்தி முகமையின் தரநிலை இன்னும் நுட்பமானது. தொழிலாளிக்கு 75 வயது ஆகும்வரை அல்லது ஆகியிருக்க வேண்டிய நாள்வரை, அதோடு வேலையை விட்டு 30 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். 'ஆகியிருக்க வேண்டிய நாள்வரை' என்பதைக் கவனிக்கணும். தொழிலாளி இறந்துவிட்டாலும் பதிவு சாகாது, குடும்பம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் ஒரு பொதுவான லாஜிக் இருக்கிறது. உடனே தெரியும் காயத்துக்குக் குறைந்த காலம், மெதுவாக வரும் நோய்க்கு ஒரு மனித ஆயுள் அளவு.

கம்பெனியே மூடிட்டா?

இதுதான் அரசுத் துறையின் பொறுப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் இடம். பிரிட்டனில் நிறுவனம் தொழிலை நிறுத்தினால், உடல்நலப் பதிவுகளை அரசின் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும். ஐரோப்பிய ஆஸ்பெஸ்டாஸ் விதியும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில், பதிவுகளை ஏற்றுக்கொள்ள வாரிசு நிறுவனம் இல்லையென்றால், பதிவுகளைப் பெறும் உரிமை பற்றித் தொழிலாளர்களுக்கு 3 மாதம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்கும் குறைவாக வேலை பார்த்தவர் விலகும்போது, மருத்துவப் பதிவை அவர் கையிலேயே கொடுத்துவிடவும் அங்கே வழி இருக்கிறது.

நம்ம ஊரில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பத்து ஆண்டில் நாலைந்து இடம் மாறுவது சர்வசாதாரணம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923, சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் போன்றவற்றைத் தொழில்சார் நோய்களாக ஏற்றது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்து இந்த வகை நோய் வந்திருந்தால், எல்லோரும் சேர்ந்து இழப்பீடு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆணையர் முடிவு செய்வார் என்றது. சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எங்கே எத்தனை ஆண்டு, எவ்வளவு தூசில் வேலை பார்த்தார் என்ற பதிவு இல்லையென்றால் எதை வைத்துப் பங்கு பிரிப்பது?

எல்லாத்தையும் காலம் முழுக்க வைக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. இடம், செலவு, ஆள் எல்லாம் பிரச்னை. மருத்துவப் பதிவு அந்தரங்கமானது, தேவைக்கு மேல் வைத்திருந்தால் கசியும் ஆபத்தும் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. ஆனால் வேறொரு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டியிருந்தால் வைக்கலாம் என்றும் சொல்கிறது. அதனால்தான், எத்தனை ஆண்டு என்பது விதியில் எண்ணாகவே எழுதப்பட வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மென்பொருள் மாறும், சர்வர் மாறும். நாற்பது ஆண்டு கழித்தும் திறக்கக்கூடிய வடிவில், பெயரும் தொழிற்சாலைப் பதிவு எண்ணும் கொண்டு தேடக்கூடிய விதத்தில் இருந்தால்தான் அது பதிவு.

தொழிலாளர்கள் இப்போது என்ன செய்யலாம்?

மருத்துவப் பரிசோதனை நடந்தால் முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, எந்தப் பிரிவு, என்ன பொருளைக் கையாண்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி வையுங்கள். ஆய்வு அறிக்கை தேவையென்றால் ஆர்.டி.ஐ. மூலம் இப்போதே கேட்டு வாங்குவது நல்லது. தாமதமானால் மனுவுக்குப் பதில் வரும், ஆனால் கோப்பு இருக்காது.