பாதுகாப்பு மேலாண்மை மென்பொருளில் கூடுதல் பொதிகளை நிறுவுதல்

கூடுதல் பொதி என்பது நிறுவனங்களின் கணினிகளை ஓரிடத்திலிருந்து காக்கவும் கண்காணிக்கவும் பயன்படும் பாதுகாப்பு மேலாண்மை மென்பொருளுடன் பின்னர் இணைக்கப்படும் மென்பொருட் கூறு ஆகும். நச்சுநிரல் எதிர்ப்பு, வட்டு மறையாக்கம், யூ.எஸ்.பி. கருவிக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் பெரும்பாலும் இவ்வாறே சேர்க்கப்படுகின்றன. தனிக்கணினி ஒன்றில் மென்பொருளை நிறுவுவதற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. மேலாண்மை மென்பொருளில் சேர்க்கப்படும் பொதி, அம்மென்பொருளுக்கு உள்ள அதிகாரத்தையும் பெற்றுவிடுகிறது. பிழையற்ற பொதி சில மணி நேரத்தில் எல்லாக் கணினிகளையும் காக்கும்; பிழையுள்ள பொதி அதே வேகத்தில் எல்லாவற்றையும் முடக்கும். எனவே பொதியை நிறுவும் வரிசைமுறையும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாகவே கருதப்படுகிறது.

கட்டமைப்பு

இவ்வகை மென்பொருள்கள் பலவும் பின்வரும் உறுப்புகளைக் கொண்டுள்ளன.

மேலாண்மை வழங்கி: கொள்கைகளையும் கட்டளைகளையும் வைத்திருக்கும் மையக் கணினி. சர்வர் என்று வழக்கில் அழைக்கப்படுவது இதுவே.

தரவுத்தளம்: கணினிகளின் பட்டியல், அமைப்புகள், நிகழ்வுப் பதிவுகள் ஆகியவை சேமிக்கப்படும் இடம்.

களஞ்சியம்: கணினிகளுக்கு அனுப்பப்பட வேண்டிய பொதிகள் வைக்கப்படும் இடம்.

முகவர்: ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் சிறு நிரல். இது குறிப்பிட்ட இடைவெளியில் வழங்கியைத் தொடர்புகொண்டு புதிய கட்டளைகளைப் பெறுகிறது.

முகவர், இயங்குதளத்தின் உயர்ந்த உரிமைகளுடன் இயங்குவது. பயனரின் அனுமதியைக் கேளாமலே மென்பொருளை நிறுவவும் நீக்கவும் அதனால் இயலும். கூடுதல் பொதிக்குக் கிடைக்கும் ஆற்றல் இதிலிருந்தே பிறக்கிறது.

பொதிகளின் வகைகள்

மெக்காஃபி நிறுவனம் உருவாக்கிய ஈபாலிசி ஆர்க்கெஸ்ட்ரேட்டர் இத்துறையில் நன்கு அறியப்பட்ட மென்பொருளாகும். 2022 முதல் இது டிரெலிக்ஸ் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. இதில் நீட்சி, பொதி என்னும் இரண்டும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. புதியவர்கள் பெரிதும் குழம்பும் இடமும் இதுவே.

நீட்சி என்பது வழங்கியில் மட்டும் நிறுவப்படுவது. புதிய பாதுகாப்புக் கருவிக்குரிய கொள்கைப் பக்கங்களையும் அறிக்கைகளையும் இது மேலாண்மைத் திரையில் சேர்க்கிறது. இது ஸிப் கோப்பாக வழங்கப்படும்.

பொதி என்பது களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, முகவர் வழியாகப் பயனர் கணினிகளைச் சென்றடைவது. பாதுகாப்புக் கருவியின் இயங்கு நிரல்கள் இதில் அடங்கியிருக்கும்.

நீட்சியை மட்டும் நிறுவினால் திரையில் புதிய பக்கங்கள் தோன்றும். ஆனால் கணினிகளில் எந்தப் பாதுகாப்பும் ஏற்படாது. பொதியை மட்டும் அனுப்பினால் கருவி இயங்கும். ஆனால் அதற்கான கொள்கைகளை மையத்திலிருந்து வகுக்க இயலாது. ஆகவே முதலில் நீட்சி, பின்னர் பொதி என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. ஒரு நீட்சி மற்றொன்றைச் சார்ந்திருந்தால் அடிப்படையான நீட்சியே முதலில் நிறுவப்பட வேண்டும்.

இவற்றைத் தவிர, புதிய நச்சுநிரல்களின் அடையாளங்களைத் தரும் வரையறைக் கோப்புகளும், வழங்கியையே மேம்படுத்தும் சேவைப் பொதிகளும் உண்டு.

நிறுவும் முறை

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையில் தலைமை அலுவலகமும் ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசி ஆகிய ஊர்களில் கிளைகளும் கொண்டு, ஏறத்தாழ 200 கணினிகளைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். யூ.எஸ்.பி. கருவிகளைக் கட்டுப்படுத்தும் கூடுதல் பொதி ஒன்றை நிறுவ வேண்டும் எனில், பணி பின்வருமாறு அமையும்.

1. பொருத்தம் அறிதல்: வழங்கியின் பதிப்பு, முகவரின் பதிப்பு, கணினிகளின் இயங்குதளம் ஆகியவற்றுக்குப் பொதி ஏற்றதா என்று வெளியீட்டுக் குறிப்பைப் படித்து அறிய வேண்டும். உரிமம் உள்ளதா என்பதும் இப்போதே சரிபார்க்கப்பட வேண்டும்.

2. மூலத்தைச் சரிபார்த்தல்: பொதியை உருவாக்குநரின் தளத்திலிருந்தே பதிவிறக்க வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, உருவாக்குநர் வெளியிட்டுள்ள மதிப்புடன் ஒப்பிட வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் இம்மதிப்பு 64 பதினறும எண்களைக் கொண்டிருக்கும். கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். மின்னொப்பமும் சரிபார்க்கப்பட வேண்டும்.

3. காப்புநகல் எடுத்தல்: தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தல் போதாது. முகவர்கள் வழங்கியை அடையாளம் காண உதவும் மறையாக்கச் சாவிகளும் காக்கப்பட வேண்டும். அவை தொலைந்தால், புதிதாக அமைக்கப்படும் வழங்கியை முகவர்கள் நம்ப மறுக்கும். ஒவ்வொரு கணினியிலும் முகவரை மீண்டும் நிறுவ நேரிடும்.

4. நீட்சியை நிறுவுதல்: மேலாண்மைத் திரையின் நீட்சிகள் பகுதியில் ஸிப் கோப்பைப் பதிவேற்ற வேண்டும். நிறுவிய பின் புதிய கொள்கைப் பக்கங்கள் தோன்றுகின்றனவா என்று காண வேண்டும்.

5. கொள்கை வகுத்தல்: பொதியை அனுப்பும் முன்பே கொள்கையை வகுத்துவிட வேண்டும். இல்லையெனில் கருவி தன் இயல்பிருப்பு அமைப்புகளுடன் இயங்கத் தொடங்கும். தொடக்கத்தில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வைப்பது நன்று. கிளையில் விரல்ரேகைக் கருவியோ அச்சுப்பொறியோ யூ.எஸ்.பி. வழி இணைக்கப்பட்டிருந்தால், பணி தடைபடுவதற்கு முன்பே அது பதிவுகளில் தெரிந்துவிடும்.

6. களஞ்சியத்தில் சேர்த்தல்: பொதியைச் சோதனைக் கிளையில் வைக்க வேண்டும்.

7. படிப்படியாகப் பரப்புதல்: முதலில் 5 கணினிகள், அடுத்து ஒரு கிளை, பின்னர் எஞ்சியவை என்று செல்ல வேண்டும். சோதனைக் கணினிகள் எல்லாம் புதியனவாக இருத்தல் கூடாது. அலுவலகத்தில் உள்ள மிகப் பழைய கணினியும் அவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

8. சரிபார்த்தல்: கட்டளை அனுப்பப்பட்டதாலேயே பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. அணைத்து வைக்கப்பட்ட கணினிகளும், தொடர்பு இழந்த முகவர்களும் அறிக்கையில் தேடிக் காணப்பட வேண்டும்.

களஞ்சியக் கிளைகள்

ஈபாலிசி ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் முதன்மைக் களஞ்சியம் சோதனை, நடப்பு, முந்தைய என்னும் மூன்று கிளைகளைக் கொண்டது. புதிய பொதி சோதனைக் கிளையில் இடப்பட்டு, குறிப்பிட்ட சில கணினிகளுக்கு மட்டும் செல்கிறது. குறையில்லை எனத் தெரிந்த பின் அது நடப்புக் கிளைக்கு மாற்றப்படுகிறது. அதுவரை நடப்பில் இருந்த பொதி முந்தைய கிளையில் வைக்கப்படுகிறது. பின்வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டால் பழைய பொதியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

துணைக் களஞ்சியம்

பொதியின் அளவு 400 மெகாபைட்டு எனவும், ஆரணிக் கிளையில் 30 கணினிகள் உள்ளன எனவும் கொள்க. ஒவ்வொரு கணினியும் திருவண்ணாமலையில் உள்ள வழங்கியிலிருந்து நேரடியாகப் பெற்றால் 12 கிகாபைட்டு தரவு இணைப்பைக் கடக்க வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பு முழுவதையும் இதற்கே பயன்படுத்தினாலும் 2 மணி 40 நிமிடம் ஆகும். அந்நேரத்தில் கிளையின் அன்றாடப் பணி நின்றுவிடும். கிளையில் உள்ள ஒரு கணினியைத் துணைக் களஞ்சியமாக்கினால் பொதி ஒரு முறை மட்டுமே இணைப்பைக் கடக்கும். அதற்கு ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் போதும். பிற கணினிகள் கிளையின் உள்வலையமைப்பிலேயே அதைப் பெற்றுக்கொள்ளும்.

மாற்றத் தடைக் காலம்

நிறுவனங்கள் சில நாட்களில் எந்தப் பொதியையும் நிறுவுவதில்லை என்று விதி வகுத்துக்கொள்கின்றன. வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சு இறுதி அத்தகையது. திருவண்ணாமலையில் உள்ள நிறுவனத்திற்குக் கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாட்கள் இதற்குப் பொருந்தும். அந்நாட்களில் பல இலட்சம் மக்கள் நகருக்கு வருகின்றனர். நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டுப் போக்குவரத்து மாற்றி விடப்படுகிறது. பிழையான பொதியால் கணினி தன் வலையிணைப்பை இழந்தால், அதை மையத்திலிருந்து சரிசெய்ய இயலாது. பணியாளர் நேரில் செல்ல வேண்டும். அவர் செல்ல முடியாத நாளில் பொதியை நிறுவாதிருத்தலே அறிவுடைமையாகும். எனினும் தாக்குதலுக்கு உள்ளாகிக்கொண்டிருக்கும் வழுவுக்கான திருத்தம் இவ்விதிக்கு விலக்காகும்.

தமிழ்நாட்டில் உருவான மென்பொருள்

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2009இல் பெயர் மாற்றம் பெற்ற சோஹோ நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு வெளியிடும் டெஸ்க்டாப் சென்ட்ரல், 2022இல் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் எனப் பெயர் மாற்றப்பட்டது. கணினிகளை மையத்திலிருந்து மேலாளும் இம்மென்பொருளில் பாதுகாப்பு வசதிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிளை அலுவலகங்களுக்கான பகிர்வு வழங்கியும், திருத்தங்களைச் சோதனைக் குழுவில் இட்டுப் பார்த்த பின் ஏற்கும் வசதியும் இதில் உள்ளன. மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றுக்கான சேவைப் பொதிகள் பி.பி.எம். என்னும் கோப்பு வடிவில் வெளியிடப்படுகின்றன. சேவையை நிறுத்திக் காப்புநகல் எடுத்த பின், மேம்படுத்தல் மேலாளர் என்னும் கருவியின் வழியாக அவை நிறுவப்படுகின்றன.

2022இல் இப்பிரிவின் இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களில் சி.வி.ஈ. 2022-47966 என்ற எண் கொண்ட வழு கண்டறியப்பட்டது. அவற்றுள் பயன்படுத்தப்பட்டிருந்த அப்பாச்சி சான்டுவாரியோ என்னும் கட்டற்ற நிரலகத்தின் பழைய பதிப்பே இதற்குக் காரணம். சாமல் முறையிலான ஒற்றைப் புகுபதிகை வசதி இயக்கப்பட்டிருந்தால், மென்பொருளைப் பொறுத்து முன்பு எப்போதேனும் இயக்கப்பட்டிருந்தாலும், கடவுச்சொல் இன்றியே வழங்கியில் கட்டளைகளை இயக்க இவ்வழு இடமளித்தது. திருத்தங்கள் 2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெளியாயின. அவற்றை நிறுவாத வழங்கிகள் 2023இல் தாக்கப்பட்டன. ஒரு மென்பொருளின் பாதுகாப்பு, அதனுள் அடங்கிய பிறருடைய நிரலகங்களையும் பொறுத்தது என்பதற்கு இது சான்றாகும். பிழையான பொதியை விரைந்து நிறுவுவது போலவே, தேவையான பொதியை நிறுவாமல் விடுவதும் இடர் தரும்.

குறிப்பிடத்தக்க பிற நிகழ்வுகள்

2010 ஏப்ரல் 21: மெக்காஃபி வெளியிட்ட 5958 எண்ணுள்ள வரையறைக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பி மூன்றாம் சேவைப் பொதி நிறுவப்பட்ட கணினிகளில் எஸ்.வி.சி. ஹோஸ்ட் என்னும் இன்றியமையாத அமைப்புக் கோப்பை நச்சுநிரல் எனத் தவறாகக் கருதியது. கணினிகள் மீண்டும் மீண்டும் மறுதொடக்கமாயின, வலையிணைப்பையும் இழந்தன. இதனால் மையத்திலிருந்து திருத்தத்தை அனுப்ப இயலாமல், பல இடங்களில் ஒவ்வொரு கணினியையும் நேரில் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

2020: சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்னும் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் மேம்படுத்தல்களில் தீங்குநிரல் நுழைக்கப்பட்டிருந்தது டிசம்பரில் வெளிப்பட்டது. உருவாக்கப்படும் இடத்திலேயே அது நுழைக்கப்பட்டதால், அப்பொதிகள் முறையான மின்னொப்பத்தைக் கொண்டிருந்தன. ஏறத்தாழ 18,000 வரையிலான வாடிக்கையாளர்கள் அவற்றைப் பெற்றிருக்கலாம் என அந்நிறுவனம் தெரிவித்தது. மின்னொப்பம் பொதி யாரிடமிருந்து வந்தது என்பதையே உறுதி செய்கிறது. அது தீங்கற்றது என்பதை அன்று.

2024 சூலை 19: கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஓர் உள்ளடக்கக் கோப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின என மைக்ரோசாப்டு மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. இந்திய நேரப்படி காலை 9:39 மணிக்கு அனுப்பப்பட்ட அக்கோப்பு, 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. புதிய பதிப்புகளை ஒரு படி தாமதித்தே ஏற்கும்படி அமைத்திருந்த நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. அவ்வமைப்பு மென்பொருளின் பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. உள்ளடக்கக் கோப்புகள் அதற்கு உட்படவில்லை. எனவே படிப்படியாகப் பரப்பும் விதி எந்தெந்த வகைப் பொதிகளுக்குப் பொருந்துகிறது என்பதை நிறுவும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

நீக்குதல்

பொதியை நீக்கும் வரிசை, நிறுவும் வரிசைக்கு நேர்மாறானது. முதலில் பயனர் கணினிகளிலிருந்து கருவியை நீக்கி, எல்லாக் கணினிகளிலும் அது அகன்றதை உறுதி செய்த பின்னரே வழங்கியிலிருந்து நீட்சியை நீக்க வேண்டும். நீட்சியை முதலில் நீக்கினால் அதற்குரிய கொள்கைகளும் அழிந்துவிடும்; கணினிகளில் எஞ்சியிருக்கும் கருவி மையக் கட்டுப்பாடின்றி இயங்கிக்கொண்டிருக்கும்.

பதிவுகள்

எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, யாரால், எப்போது நிறுவப்பட்டது என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பேண வேண்டும். முந்தைய நாள் நிறுவப்பட்ட பொதி யாதென்று தெரியாத நிறுவனத்தால், நேர்ந்தது பிழையா தாக்குதலா என்று ஆறு மணி நேரத்திற்குள் கூறுவது கடினம்.