லினக்ஸில் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது இந்த ஊரில்தான். இங்கிருந்து இயங்கும் 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைக் கேரளப் பள்ளிக் கணினிகளுக்குத் தருகிறது. டெக்னோபார்க்கில் சேரும் பலரும் லினக்ஸைத் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால், ஊரில் விண்டோஸ் கணினியில் படங்களை ஏற்றிய ஹார்ட் டிஸ்கை இங்கே லினக்ஸ் லேப்டாப்பில் செருகினால் சில நேரம் ஒன்றுமே தெரியாது. உடனே 'டிஸ்க் போச்சு' என்று பதறவேண்டாம். பல நேரங்களில் உள்ளே இருக்கும் தரவு பத்திரமாகவே இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மட் கொடுத்தால்தான் உண்மையான இழப்பு.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். சில டைப்-சி கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், தரவைக் கடத்தாது. யூஎஸ்பி 2.0 போர்ட் வழக்கமாக 500 மில்லிஆம்பியர் மின்சாரமே தரும், 3.0 போர்ட் 900 வரை தரும். அதனால் மின்சாரம் போதாமலும் டிஸ்க் சுழலாமல் போகலாம். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால், அதை விட்டுவிட்டு நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள்.

டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் செருகினால் சேதம் அதிகமாகும். தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே நல்லது.

கணினி என்ன சொல்கிறது?

டெர்மினலில் 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' கட்டளையைக் கொடுங்கள். கெர்னல் எழுதும் குறிப்புகள் வரும். டிஸ்கைச் செருகிய பிறகும் புதிய வரி எதுவும் வரவில்லை என்றால், சிக்கல் கேபிள், போர்ட் அல்லது டிஸ்கின் மின்பலகையில் இருக்கலாம். 'ஐ/ஓ எரர்' என்று வரிசையாக வந்தால் டிஸ்கே பழுதாகத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்து 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை. இது கணினியில் இணைந்துள்ள டிஸ்குகளைப் பட்டியலிடும். அளவை வைத்து உங்களுடையதை அடையாளம் காணலாம். பட்டியலில் இருந்தும் ஃபைல் மேனேஜரில் திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்தில்தான்.

விண்டோஸ் டிஸ்க் ஏன் அடம்பிடிக்கிறது?

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் கணினி முழுமையாக அணையாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க் பாதி வேலையில் விட்டதுபோல் குறிக்கப்பட்டிருக்கலாம். பாதுகாப்புக்காக லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். டிஸ்கை மீண்டும் அதே விண்டோஸில் செருகி, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எக்ஸ்ஃபேட் வகை என்றால் உங்கள் லினக்ஸின் வயதைப் பாருங்கள். அதற்கான ஆதரவு 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில்தான் முதலில் சேர்ந்தது. பழைய பதிப்புகளுக்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். அலுவலக டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ இல்லாமல் திறக்காது.

எதைச் செய்யக் கூடாது?

'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'வேண்டாம்' என்பதே பதில். டிஸ்க் பழுது என்ற சந்தேகம் இருந்தால், சரிசெய்யும் கட்டளைகளை அதன்மேல் ஓட்டாதீர்கள். முதலில் 'டிடி-ரெஸ்க்யூ' கருவியால் இன்னொரு டிஸ்கில் முழுப் பிரதி எடுங்கள். பரிசோதனையெல்லாம் அந்தப் பிரதியில் வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் திறந்துவிட்டதா? முதல் வேலையாக முக்கியமானவற்றை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். இனி 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். ஒரே டிஸ்கில் மட்டும் இருக்கும் கல்யாண ஆல்பத்துக்கு லினக்ஸும் காவல் இல்லை, விண்டோஸும் காவல் இல்லை.