எண் மாறினால் படமும் மாற வேண்டும்

வீட்டுக் கடன் வாங்க எண்ணும் குடும்பங்கள் பலவற்றில் முதல் கணக்கு ஒரு தாளில்தான் உருவாகிறது. மாத வருமானம் ஒரு பெட்டியில், குடும்பச் செலவு மற்றொன்றில், கடன் தவணை இன்னொன்றில், இடையே அம்புக்குறிகள். பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் வட்டி விகிதம் அரை விழுக்காடு உயர்ந்தாலும் எல்லாப் பெட்டிகளையும் அழித்து எழுத வேண்டும். ஒன்றைத் திருத்த மறந்தால், பிழையான கணக்கை நம்பி இருபது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திட நேரிடும்.

இப்பணிக்குக் கட்டணமில்லா மென்பொருள்கள் உள்ளன. எனினும், வரைவது வேறு; கணக்கிடுவது வேறு. டிரா.ஐஓ போன்றவை படம் வரைவதற்குச் சிறந்தவை. ஆயினும் பெட்டிக்குள் இடும் தொகை அங்கே எழுத்தாகவே நிற்கும், கூட்டல் நம்முடையது. ஃப்ரீபிளேன் என்னும் மனவரைபட மென்பொருளில் கிளைகளின் தொகையைக் கூட்டும் சூத்திரத்தை எழுதலாம். அதற்குச் சிறிது பயிற்சி தேவை.

பெரும்பாலோருக்கு எளிய வழி, 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள ‘கால்க்’ விரிதாள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அது இயங்கும்.

கடன் தொகை 10,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, காலம் 240 மாதங்கள் என மூன்று கட்டங்களில் இடுங்கள். நான்காவது கட்டத்தில் ‘பிஎம்டி’ என்னும் சார்பைப் பயன்படுத்துங்கள். வட்டியை 12ஆல் வகுத்து மாத விகிதமாக்கித் தருவது முக்கியம். மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய் என விடை வரும். அது நாம் செலுத்தும் தொகை என்பதால் கழித்தல் குறியுடன் தோன்றும். தவணையை மாதங்களால் பெருக்கி அசலைக் கழித்தால், மொத்த வட்டி சுமார் 11.59 லட்சம். அசலையும் வட்டியையும் தேர்ந்தெடுத்து வட்ட விளக்கப்படம் ஒன்றைச் செருகுங்கள். வட்டியின் பங்கு பாதியைத் தாண்டியிருக்கும்.

இப்போது 240ஐ 180 என மாற்றுங்கள். தவணை 10,143 ஆகிறது, வட்டி 8.26 லட்சமாகக் குறைகிறது. படத்தில் வட்டியின் பங்கும் தானாகவே பாதிக்குக் கீழே சுருங்குகிறது. மாதம் சுமார் 1,145 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் 3.33 லட்சம் மிச்சமாகும் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் ஒரே பார்வையில் உணரலாம். அந்தக் கூடுதல் தொகையை மாதந்தோறும் தாங்க இயலுமா என்பதே அடுத்து அவர்கள் பேச வேண்டியது.

எந்த மென்பொருளையும் அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். இக்கணக்கிற்குக் கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ தேவையில்லை. செயலாக்கக் கட்டணம், காப்பீடு ஆகியவை இதில் சேரவில்லை. மாறும் வட்டிக் கடனில் விகிதமும் இடையில் மாறலாம். ஆகவே, கையெழுத்திடுமுன் உங்கள் கணக்கைக் கிளையில் தரும் திருப்பிச் செலுத்தும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தென்பட்டால் தயங்காமல் விளக்கம் கேளுங்கள்.