வீணை தனம்மாள் வீட்டுச் சங்கீதம் அமெரிக்க வகுப்பறைக்குப் போன கதை!

நவராத்திரி வந்தால் நம் வீடுகளில் கொலுப்படி, சுண்டல், பட்டுப்பாவாடை. சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் இடுவோம். 'இன்னிக்குப் படிக்கக் கூடாது' என்பதில் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி!

அதே சரஸ்வதி பூஜை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிறிய ஊரிலும் நடக்கிறது. பூஜை நடக்கும் இடம் கோயில் இல்லை, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் இசை அரங்கம். அவரவர் இசைக்கருவிகளையும் புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்து வணங்கலாம். மாணவர், பேராசிரியர், ஊர்க்காரர் என்று பேதம் கிடையாது. பூஜையை ஒட்டிக் கச்சேரி, நாட்டியம், இசை பற்றிய உரை என்று சில நாள்கள் ஊரே களைகட்டும். 1970-களில் தொடங்கிய வழக்கம் இது.

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் நவராத்திரி எப்படி நுழைந்தது? அதற்குப் பின்னால் சென்னையின் ஒரு குடும்பம் இருக்கிறது.

மிருதங்கம் கற்க வந்த அமெரிக்கர்

1950-களில் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சென்னைக்கு வந்தார். டி.ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். அதைப் பற்றியே ஆய்வு எழுதி டாக்டர் பட்டமும் வாங்கினார்.

வெஸ்லியனில் பேராசிரியரானதும் அவர் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றார். இன்னொரு நாட்டின் இசையைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. குருவின் எதிரே உட்கார்ந்து வாசிக்கவும் பாடவும் வேண்டும் என்றார். எனவே அந்தந்த நாட்டுக் கலைஞர்களையே ஆசிரியர்களாக அழைத்தார்கள். 'வேர்ல்டு மியூசிக்' என்று இன்று உலகம் சொல்லும் பெயரை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெருமையும் பிரவுனுக்கே தரப்படுகிறது.

அவர் வீட்டில் நடந்த 'கறி கான்சர்ட்'கள் ரொம்பப் பிரபலம். முதலில் இந்தியச் சாப்பாடு, பிறகு கச்சேரி. நம் ஊர்க் கல்யாணக் கச்சேரி மாதிரிதான்!

மூன்று உடன்பிறப்புகள்

பிரவுனின் குரு ரங்கநாதன், வீணை தனம்மாளின் பேரன். அவருடைய அக்காதான் நாட்டியமேதை பாலசரஸ்வதி. தம்பி டி.விஸ்வநாதன், புல்லாங்குழல் வித்வான். அம்மா ஜயம்மாள் பாடகி.

1918-ல் பிறந்த பாலசரஸ்வதி, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். அவர் வளர்ந்த காலம், பரம்பரையாக ஆடி வந்த குடும்பங்களுக்குச் சோதனையான காலம். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்து 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. சிறுமிகளைக் காக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்துவந்த குடும்பங்கள் பல, மேடையையும் மரியாதையையும் சேர்த்தே இழந்தன. நாட்டியம் பிழைத்தது, ஆடி வந்தவர்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டார்கள். அந்தச் சூழலிலும் தன் குடும்பத்து வழியை விடாமல் ஆடியவர் பாலசரஸ்வதி.

1961-ல் டோக்கியோவில் ஆடினார். 1962-ல் அமெரிக்கா முழுக்கப் பயணம். மாசசூசெட்ஸில் உள்ள ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவில் ஆடியவர், அதே ஆண்டு வெஸ்லியனிலும் தங்கிக் கற்றுக்கொடுத்தார். ரங்கநாதனும் 1960-களிலேயே அங்கு ஆசிரியரானார். கலிபோர்னியாவில் படித்தும் கற்பித்தும் வந்த விஸ்வநாதன் 1975-ல் வெஸ்லியனுக்கு வந்து சேர்ந்தார்.

மொழி தெரியாதவர்களுக்குப் பதமா?

மார்கழி சீசனில் நாம் செல்லமாக 'லெக்-டெம்' என்கிறோமே, பேச்சும் செயல்விளக்கமும் கலந்த நிகழ்ச்சி, அதுதான் இங்கே பெரிய துணை. தமிழோ தெலுங்கோ தெரியாதவர் முன் ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்தால் என்ன புரியும்? அதனால் முதலில் அந்த வரியின் பொருளைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்ட நாயகி, தாமதமாக வரும் நாயகன், நடுவில் ஒரு தோழி. இவ்வளவு தெரிந்துவிட்டால் போதும். ஒரே வரியை மறுபடி மறுபடி பாடும்போது கண்ணும் கையும் ஒவ்வொரு முறையும் வேறு பொருள் சொல்வதைப் பார்ப்பவரே கண்டுபிடித்துவிடுவார்.

தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் இதைக் கையில் போடப் பழகிவிட்டால், மிருதங்கம் எங்கே சுற்றிவிட்டு எப்படிச் சமத்துக்கு வந்து சேர்கிறது என்பதைத் தானே ரசிக்கலாம். ரங்கநாதனின் மாணவரான அமெரிக்கர் டேவிட் நெல்சன், பிற்காலத்தில் வெஸ்லியனிலேயே மிருதங்கம் கற்றுத் தந்தார். சொல்கட்டு கற்க 2008-ல் ஒரு கையேடே எழுதி வெளியிட்டார்.

விஸ்வநாதன் குழலை இறக்கி வைத்துவிட்டு நடுவிலேயே சாகித்தியத்தைப் பாடுவார். பிறகு அதே வரியைக் குழலில் வாசிப்பார். பாட்டின் சொல்தான் இசைக்கு உயிர் என்பது அந்த வீட்டுப் பாடம்.

'பாகவதர்' ஆன ஹிக்கின்ஸ்

இந்த வகுப்பறையில் விளைந்தவர்களில் நம் ஊர் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், ஜான் ஹிக்கின்ஸ். 1939-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். வெஸ்லியனில் படிக்கும்போது கர்னாடக இசை காதில் விழுந்தது. ரங்கநாதனிடமும் விஸ்வநாதனிடமும் கற்றார். உதவித்தொகை கிடைத்ததும் சென்னைக்கே வந்தார். 1965-ல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம்மவர்! 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாலசரஸ்வதியின் நாட்டிய இசையைப் பற்றியே அவர் ஆய்வும் செய்தார்.

1971-ல் கனடாவின் டொரான்டோவில், யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல் பேராசிரியராக வெஸ்லியனுக்குத் திரும்பினார்.

இருண்ட ஆண்டு

1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி சென்னையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், நாயுடன் நடந்து சென்றுகொண்டிருந்த ஹிக்கின்ஸ் மீது, குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்த ஒருவர் மோதினார். ஹிக்கின்ஸுக்கு அப்போது வயது 45. மூன்று ஆண்டுகளில் ரங்கநாதனும் போய்விட்டார்.

கலை ஒரு சிலரை மட்டும் நம்பி இருந்திருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். முடியவில்லை. விஸ்வநாதன் 2002-ல் மறையும்வரை அங்கேயே கற்றுக்கொடுத்தார். 1992-ல் அமெரிக்க அரசின் 'நேஷனல் ஹெரிடேஜ் ஃபெலோஷிப்' அவருக்குக் கிடைத்தது. அவருக்குப் பின் பி.பாலசுப்ரமணியன் வாய்ப்பாட்டுக் கற்பித்தலைத் தொடர்ந்தார். பாலசரஸ்வதியின் மகள் லக்ஷ்மியும் நாட்டியம் ஆடினார். மருமகன் டக்ளஸ் நைட், ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்ற அமெரிக்கர்; மாமியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2010-ல் அதை வெளியிட்டது வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம்தான். பேரன் அனிருத்தா இன்று பாட்டியின் வழியில் ஆடுகிறார்.

பக்கத்து அறையில் ஜாவா

இந்தியாவுக்கு மட்டுமல்ல, இந்தோனேசியாவுக்கும் அங்கே இடம் உண்டு. வெண்கலக் கோங்குகளும் தட்டுகளும் சேர்ந்த ஜாவாவின் 'கமலான்' இசையை, அந்த நாட்டிலிருந்து வந்த சுமர்சம் 1972 முதல் கற்பித்தார். அவர் 'வயாங்' நிழல்பாவைக் கலைஞரும்கூட. திரைக்குப் பின்னே விளக்கு, தோலில் வெட்டிய பாவைகள், ராமனும் அர்ச்சுனனும் வரும் கதைகள். நம் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

ஊரோடு ஒட்டிய கலை

வெளிநாட்டில் ஒரு நாள் கச்சேரி செய்துவிட்டுத் திரும்பும் கலைஞர்கள் நிறைய. கைதட்டல் அன்றோடு போய்விடும். மிடில்டவுனில் கலைஞர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். காலையில் வகுப்பு எடுத்தவரை மாலையில் மேடையில் பார்க்க முடிந்தது. கேட்பவர் மெல்ல ரசிகரானார், ரசிகர்களில் சிலர் மாணவரானார்கள், மாணவர்களில் சிலர் ஆசிரியராகவே மாறினார்கள்.

நம் ஊரிலும் இசைக் கல்லூரிகளும் பல்கலைக்கழக இசைத் துறைகளும் இருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலையில் 1929-லிருந்தே இசைக் கல்லூரி உண்டு. பொதுமக்களை அழைக்கும் உரையோ நிகழ்ச்சியோ உங்கள் பக்கத்தில் நடந்தால், பிள்ளைகளோடு ஒருமுறை போய் உட்காருங்கள். ராகம் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். கையில் ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும். மீதியை மேடையில் இருப்பவர் சொல்லித்தருவார்.